வெகுசனத் தலைவர் கையில் வெளியுறவு: பிலிப்பைன்ஸை முன்வைத்துச் சில குறிப்புகள்

வாசகர் கேள்வி | 13 மார்ச் 2025

பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுட்டர்டே, போதைப்பொருள் ஒழிப்புக் கொலைகள் தொடர்பாகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆணைப்படி மணிலா விமான நிலையத்தில் கைதாகி ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதை ஒட்டி ஒரு கருத்தை முன்வைக்கிறேன். மக்களிடம் நேரடிச் செல்வாக்குள்ள தலைவர் ஆட்சிக்கு வந்தால், அதிகாரிகள் பல்லாண்டுகளாகக் கட்டிக்காத்த தயக்கம் உடைந்து, நாட்டின் வெளியுறவுக் கொள்கை மக்கள் விரும்பும் பக்கம் திரும்பும். அமெரிக்காவின் முகத்துக்கு நேரே பேச பிலிப்பைன்ஸில் அவருக்கு முன்பு யாருக்குத் துணிவு இருந்தது? நல்லதோ கெட்டதோ, அது மக்களின் வெளியுறவுக் கொள்கை. மறுப்பு இருந்தால் எழுதவும்.

14 மார்ச் 2025

மறுப்பு இருக்கிறது. துணிவைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. மக்கள் விரும்பிய பக்கம் கொள்கை திரும்பியது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2016 மே மாதத் தேர்தலில் டுட்டர்டே பெற்றவை 1 கோடியே 66 லட்சம் வாக்குகள், அதாவது 39 விழுக்காடு. அங்கே குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இரண்டாம் சுற்று கிடையாது. ஐவர் போட்டியிட்ட களத்தில் அதுவே பெரிய வெற்றி. அந்த வாக்குகள் போதைப்பொருளை ஒழிப்பேன் என்ற வாக்குறுதிக்கும், மணிலாவின் பழைய பெருங்குடும்பங்கள் மீது தென்பகுதி மக்களுக்கு இருந்த கசப்புக்கும், ஊழல், நெரிசல் போன்ற அன்றாட எரிச்சல்களுக்கும் விழுந்தவை. அமெரிக்காவை விட்டு விலகிச் சீனாவோடு சேருங்கள் என்று யாரும் முத்திரை குத்தவில்லை. அவர் பதவியில் இருந்த ஆறாண்டுகளும் சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் என்ற கணிப்பு நிறுவனம் வெளியிட்ட முடிவுகளைப் பார்த்தால், அமெரிக்கா மீதான மக்களின் நம்பிக்கை மிக உயரத்திலும் சீனா மீதான நம்பிக்கை அதலபாதாளத்திலும் இருந்தன. அதே நிறுவனத்தின் கணிப்புகளில் டுட்டர்டேயின் சொந்தச் செல்வாக்கும் உயரத்திலேயே இருந்தது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: உள்நாட்டில் சேர்த்த செல்வாக்கை, மக்கள் கேட்காத ஒரு வெளியுறவுக் கொள்கைக்கு அவர் செலவழித்தார்.

14 மார்ச் 2025, இரவு

இந்த விஷயத்தில் எனக்கு என்ன அக்கறை என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். நான் வணிகக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவன். கடலில் வேலை செய்கிற எவரும் பிலிப்பைன்ஸ்காரர்களோடு வாழாமல் தப்ப முடியாது. நம்மவர்களைவிட அதிகமாக அவர்களோடுதான் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். 2016இல் எங்கள் கப்பலில் இருந்த போசன் (மேல்தள மாலுமிகளின் தலைவர்), டுட்டர்டே பல ஆண்டு மேயராக இருந்த டாவோ நகரத்துக்காரர். இரவு இரண்டு மணிக்கு என் மகள் வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிறாள், அதற்குக் காரணம் எங்கள் மேயர் என்பதுதான் அவருடைய அரசியல் முழுவதும். டுட்டர்டேயின் மேடைப் பேச்சுகளைக் கைப்பேசியில் போட்டுவிட்டு, வசவு வரும் இடங்களில் எல்லாம் மெஸ்ஸே சிரிக்கும். கடல் கடந்து வாழ்வோரின் வாக்குகளில் பெரும்பங்கு அவருக்கே விழுந்தது என்ற செய்தி எங்களில் யாருக்கும் வியப்பளிக்கவில்லை. ஆனால் அந்த மெஸ்ஸில் சீனாவைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

16 மார்ச் 2025

ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓட்டும் மோட்டார் ஸ்கூட்டர்) கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர்வதில் பொருளில்லை.

பிலிப்பைன்ஸின் முதன்மைத் தீவான லூசோனுக்கு மேற்கே, தென்சீனக் கடலில், ஏறத்தாழ 120 கடல் மைல் தொலைவில் ஸ்கார்பரோ திட்டு இருக்கிறது. 2012இல் நடந்த முறுக்கலுக்குப் பின் அது சீனக் கடலோரக் காவல் படையின் பிடிக்குப் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்த சம்பாலஸ், பங்கசினான் மீனவர்கள் விரட்டப்பட்டார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் மூன்றாம் அக்கினோ 2013 ஜனவரியில் சீனாவை நடுவர் மன்றத்துக்கு இழுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தேர்தல் வந்தது. 2016 ஏப்ரலில் பங்கசினான் மாகாணத்தில் நடந்த கடைசி விவாதத்தில், மீனவர்களுக்காக என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மற்ற வேட்பாளர்கள் சட்டம், ஒப்பந்தம் என்று இழுத்தார்கள். டுட்டர்டே, நானே ஜெட் ஸ்கியில் போய் அங்கே நம் கொடியை நடுவேன் என்றார். கைதட்டலில் மற்றவர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள்.

எங்கள் கப்பலில் மூன்றாம் என்ஜினியர் அன்றே லாக் ஷீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டு, ஒரு ஜெட் ஸ்கியின் டாங்கில் கொள்ளும் பெட்ரோல் போவதற்கே பற்றாது, திரும்பி வரும் எண்ணமே அவருக்கு இல்லை போலும் என்று அறிவித்தார். போசன் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஒரு விஷயம் அப்போதே தெளிவாக இருந்தது: அதை நம்பி வாக்களித்தவர்களும் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் கணக்கு தெரிந்த ஆயிலர் (என்ஜின் அறைத் தொழிலாளி)கூட, இவனாவது நமக்காகக் கோபப்படுகிறானே என்றுதான் சொன்னார்.

2016 ஜூன் 30 அன்று அவர் பதவியேற்றார். ஜூலை 12 அன்று ஹேக் நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வந்தது. தென்சீனக் கடலின் பெரும்பகுதியைத் தனதாக வளைத்துக்காட்டும் ஒன்பது கோட்டு வரைபடத்தைக் காட்டிச் சீனா கோரிய வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றும், ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் வழிவழி வந்த தொழிலைச் சீனா தடுத்தது முறையன்று என்றும் அது கூறியது. திட்டு யாருக்குச் சொந்தம் என்பதை அது தொடவில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்படி ஒரு தீர்ப்பு கையில் கிடைத்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் அதை ஒதுக்கிவைக்கப்போவதாக டுட்டர்டே சொன்னார். 2021 மே மாதம் அதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டிய காகிதம் என்றார். சில நாள் கழித்து ஜெட் ஸ்கி பேச்சு வெறும் தேர்தல் வேடிக்கை என்றும், நம்பியவர்கள் முட்டாள்கள் என்றும் சொல்லி முடித்தார்.

17 மார்ச் 2025

மேலுள்ளதற்கு ஒருவர் எழுதிய பதில் நியாயமானது: தீர்ப்பை ஒதுக்கியதற்குப் பதிலாக மீனவர்கள் திரும்ப அங்கே போக முடிந்ததே? ஆம். 2016 அக்டோபரில் டுட்டர்டே பெய்ஜிங் சென்று வந்தபின் படகுகள் திட்டின் அருகே செல்லச் சீனா விட்டது. உள்ளே இருக்கும் காயலுக்குள் விடவில்லை. உரிமையாகக் கிடைத்த ஒன்றைச் சலுகையாக மாற்றி வாங்கினார் என்று நான் சொல்வேன். பட்டினி கிடந்தவனுக்கு அந்த வேறுபாடு முக்கியமா என்று நீங்கள் கேட்டால், முதல் மாதம் முக்கியமில்லை, பிறகு முக்கியம். சலுகையைக் கொடுத்தவன் நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்வான். அப்படியே எடுத்தும் கொண்டான்.

19 மார்ச் 2025

வசவுகளைப் பற்றி.

2016 செப்டம்பரில் லாவோஸ் மாநாட்டுக்குப் புறப்படும்போது டாவோ விமான நிலையத்தில் ஒபாமாவைக் குறித்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. போதைப்பொருள் ஒழிப்பில் நடந்த கொலைகளைப் பற்றி ஒபாமா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதுதான் கேள்வி. அமெரிக்கா சந்திப்பை ரத்து செய்தது. மாநாட்டில், 1906இல் புட் டாஜோ மலையில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான மோரோ முஸ்லிம்களைக் கொன்று குவித்த படத்தை எடுத்துக் காட்டி, மனித உரிமையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்ற பொருள்படப் பேசினார்.

இந்தக் கோபம் முழுவதும் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. 2002இல் டாவோ விடுதி அறை ஒன்றில் வெடிபொருள் வெடித்து ஓர் அமெரிக்கர் காயமடைந்தார். வழக்குப் பதிவாகியிருந்த அவரை, எஃப்பிஐ அடையாள அட்டையோடு வந்தவர்கள் மருத்துவமனையிலிருந்து இரவோடு இரவாகக் கொண்டுபோனார்கள். அப்போது மேயராக இருந்த டுட்டர்டே அந்த அவமானத்தை இறுதிவரை மறக்கவில்லை. பாலங்கிகா தேவாலய மணிகளையும் சேர்த்துப் பாருங்கள்: 1901இல் அமெரிக்கப் படை வெற்றிச் சின்னமாக அள்ளிப்போன மூன்று மணிகளை, அவருக்கு முன்பிருந்தவர்கள் பணிவாகக் கேட்டும் கிடைக்கவில்லை, 2017இல் நாட்டு மக்களுக்கான ஆண்டு உரையில் அவர் அதட்டிக் கேட்டார், 2018 டிசம்பரில் மணிகள் வந்து சேர்ந்தன. அதட்டியதால் மட்டுமே வந்தன என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கில் அவர் பெயருக்கு வரவு வைக்க வேண்டிய ஒன்று அது.

குறை எங்கே என்றால், டாவோ மேயரின் மனக்கசப்பும் நாட்டின் வழக்கும் ஒரே கோப்பில் கலந்துவிட்டன. எது தீர்க்கக்கூடியது, எது காட்டிக்கொள்ளப்படுவது என்பது எதிர்த்தரப்புக்கு மட்டுமல்ல, அவருடைய அமைச்சர்களுக்கே தெரியவில்லை. 2016 அக்டோபர் 20 அன்று பெய்ஜிங்கில் அமெரிக்காவிடமிருந்து படைத்துறையிலும் பொருளாதாரத்திலும் பிரிகிறேன் என்று அறிவித்தார். ஊர் திரும்பியதும், உறவைத் துண்டிப்பது என் பொருளன்று என்று விளக்கினார். இடைப்பட்ட நேரத்தில் வர்த்தக அமைச்சர் படாத பாடு பட்டார்.

20 மார்ச் 2025

சிரிக்க ஒன்று. 2021 மே மாதம் வெளியுறவு அமைச்சர் தியோடோரோ லொக்சின், சீனக் கப்பல்களை வெளியேறச் சொல்லித் தம் ட்விட்டர் கணக்கில் அச்சிடத் தகாத சொல்லோடு எழுதினார். பிறகு சீன அமைச்சர் வாங் யியிடம் வருத்தமும் தெரிவித்தார். அதிபரின் செய்தித் தொடர்பாளர் அதற்குத் தந்த விளக்கம்: வசைபாடும் உரிமை அதிபருக்கு மட்டுமே உண்டு. ஆறாண்டு வெளியுறவுக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எழுத முடியாது.

23 மார்ச் 2025

இதை எழுதச் சற்றுத் தயங்கினேன். கடலில் இருந்தவனின் கோபம் கலந்திருக்கும்.

2019 ஜூன் 9 நள்ளிரவை ஒட்டி, தென்சீனக் கடலில் ரீட் திட்டின் அருகே நங்கூரமிட்டிருந்த ஜெம்வெர் என்ற பிலிப்பைன்ஸ் மீன்பிடிப் படகைச் சீனக் கப்பல் ஒன்று மோதி மூழ்கடித்தது. 22 பேர் தண்ணீரில். மோதிய கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. மணிக்கணக்கில் மிதந்தவர்களை வியட்நாம் மீன்படகு ஒன்று காப்பாற்றியது.

மோதல் நடப்பது உண்டு. நங்கூர விளக்கு தெரியாமல், வாட்ச்சில் இருப்பவன் கண்ணசந்து, ராடாரில் சிறுபடகு அலை இரைச்சலில் மறைந்து, எத்தனையோ விதத்தில் நடக்கலாம். விசாரணைக்கு முன் யாரையும் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரில் ஆள் இருக்கும்போது கப்பலைத் திருப்பாமல் போவது எந்த நாட்டுக் கொடியின் கீழும் மன்னிக்கப்படுவதில்லை. பகை நாட்டுக்காரனாக இருந்தாலும் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். எந்தக் கப்பலிலும் முதன்முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

பாதுகாப்பு அமைச்சர் டெல்பின் லொரென்சானா வெளிப்படையாகக் கண்டித்தார். வெளியுறவு அமைச்சகம் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தது. நாட்டில் எதற்கெடுத்தாலும் வாய் திறக்கும் அதிபரோ பேசவில்லை. ஜூன் 17 அன்று, அதுவும் கடற்படையின் ஆண்டு விழாவில், வெள்ளைச் சீருடைகளின் முன்னால் நின்று, அது ஒரு சின்னக் கடல் விபத்து என்றார். தண்ணீரில் மிதந்தவர்கள் யார்? ஒக்சிடென்டல் மிண்டோரோவின் சான் ஹொசே ஊரைச் சேர்ந்த ஏழை மீனவர்கள். வெகுசனத் தலைவரின் மேடையில் யாருக்காகக் கோபம் பொங்குமோ, அதே மக்கள். மக்கள் என்பது யார் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தத் தலைவர் தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார். அயல்நாட்டோடு செய்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சலாக வரும் குடிமகன் அன்றைக்குப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போவான்.

26 மார்ச் 2025

மூன்று நாளாக மேலே எழுதியதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்திசையில் இழுக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் என் வாதம் நொண்டியாகிவிடும். குவைத்.

2018 பிப்ரவரியில், குவைத்தில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் உறைபெட்டியில் பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. டுட்டர்டே செய்தியாளர்களிடம் படங்களைத் தூக்கிக் காட்டினார். குவைத்துக்குப் புதிய ஆட்களை அனுப்பத் தடை விதித்தார். ஏப்ரலில், கொடுமைக்கு ஆளான பெண்களைத் தூதரக ஊழியர்கள் வீடுகளிலிருந்து மீட்டுக் காரில் ஏற்றும் காணொளி வெளியாயிற்று. குவைத் அதைத் தன் இறையாண்மையில் தலையிடுவதாகக் கருதித் தூதரை வெளியேற்றியது. டுட்டர்டே தடை நிரந்தரம் என்று அறிவித்து, எல்லோரும் நாடு திரும்புங்கள் என்றார். அங்கே அப்போது இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும் நாடு, இப்படி ஒரு வாக்கியத்தை உதிர்ப்பது சிறிய செய்தியன்று.

ஆனால் மே 11 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. தடை அடுத்த வாரமே நீங்கியது. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. குவைத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றிருந்தபோது முகவர் அலுவலகத்தில் வேலை செய்த இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், பிலிப்பைன்ஸ்காரிக்குக் கேட்க நாதி இருக்கிறது, நமக்கு மனு எழுதத்தான் ஆள் இருக்கிறது என்று சொன்னது காதில் நிற்கிறது. அந்தக் கூச்சல் இல்லாமல் அந்த ஒப்பந்தம் அவ்வளவு விரைவில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அப்படியானால் வெகுசனத் தலைவரின் ஆவேசம் எங்கே பலிக்கிறது, எங்கே பலிப்பதில்லை? குவைத்துக்குப் பணியாளர் தேவை. மணிலாவின் கையில் நிறுத்திவைக்க ஒன்று இருந்தது. தென்சீனக் கடலில் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் தீர்ப்பு. அதை முதலில் கீழே வைத்துவிட்டுப் பேரம் பேசப் போனார்.

27 மார்ச் 2025

மேலுள்ளதைப் படித்த ஒருவர், "அப்படியானால் நீங்களும் டுட்டர்டே கட்சிதானா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. என் பழைய போசன் கேட்டால் மகிழ்வார்.

31 மார்ச் 2025

படை ஒப்பந்த விவகாரம். வெளியுறவு தனிமனித விவகாரமாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைக்காது.

போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையை முன்னின்று நடத்திய முன்னாள் காவல் தலைவர் ரொனால்ட் டெலா ரோசா, பின்னர் செனட்டர் ஆனார். 2020 ஜனவரியில் அவருடைய அமெரிக்க விசா ரத்தானது தெரியவந்தது. ஒரு மாதத்துக்குள் திருத்து, இல்லாவிட்டால் வருகைப் படைகள் ஒப்பந்தத்தை முறிப்பேன் என்றார் டுட்டர்டே. 1998இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் அமெரிக்கப் படையினர் கூட்டுப் பயிற்சிக்கு வந்துபோவதற்குச் சட்ட வழி இல்லை. 1951இன் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கையும் ஏட்டளவில் நின்றுவிடும். பிப்ரவரி 6 அன்று லொக்சின் செனட்டில், முறிப்பதைவிட மறுபரிசீலனை செய்வதே நல்லது என்று எடுத்துரைத்தார். பிப்ரவரி 11 அன்று முறிக்கும் அறிவிப்பில் அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். அந்த ஐந்து நாள் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லை, படைத் தலைமையின் பரிந்துரை இல்லை, ஒருவருடைய விசா. பிறகு அந்த 180 நாள் அறிவிப்பு ஜூன் மாதம் நிறுத்திவைக்கப்பட்டது, மறுபடி நிறுத்திவைக்கப்பட்டது, மூன்றாம் முறையும் நிறுத்திவைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், வேண்டுமென்றால் பணம் கொடுங்கள் என்றார். ஜூலை 30 அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் மணிலாவில் இருந்தபோது அறிவிப்பு முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. தடுப்பூசி நன்கொடைக்கு நன்றியாக விட்டுக்கொடுத்தேன் என்று அதிபர் பின்னர் சொன்னார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர ஒன்றரை ஆண்டு. அதற்குள் 2021 மார்ச்சில் தென்சீனக் கடலின் விட்சன் பாறைத் திட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சீனக் கப்பல்கள் வரிசை கட்டி நின்றுவிட்டன.

4 ஏப்ரல் 2025

சீனா கொடுத்த பணத்தை ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு: பேச அதிகமில்லை. 2016 அக்டோபரில் பெய்ஜிங்கிலிருந்து 2,400 கோடி டாலர் மதிப்புள்ள வாக்குறுதிகளோடு திரும்பினார். அதில் வந்து சேர்ந்தது சொற்பம். சிக்கோ ஆற்று நீரேற்றுப் பாசனத் திட்டத்துக்கு 6.2 கோடி டாலர் கடன், வட்டி 2 விழுக்காடு. மணிலா சுரங்க ரயிலுக்கு ஜப்பான் கொடுத்த கடனுக்கு வட்டி 0.1 விழுக்காடு.

ஜப்பான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்றைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே 2017 ஜனவரியில் டாவோவுக்கே போய், டுட்டர்டேயின் எளிய வீட்டில் காலைச் சிற்றுண்டி உண்டு, அவருடைய படுக்கையறைக் கொசுவலையைப் பார்த்துவிட்டு வந்தார். தலைவரின் மனம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கதவைத் தட்டினார். வெகுசனத் தலைவரைக் கையாளத் தெரிந்த அயலார் இப்படித்தான் செய்கிறார்கள். அவருடைய அமைச்சகத்தைவிட அவருடைய சமையலறை முக்கியம் என்பதை முதலில் புரிந்துகொள்கிறார்கள்.

6 ஏப்ரல் 2025

மாலத்தீவை இதோடு ஒப்பிட முடியுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. ஓரளவு முடியும். "இந்தியாவே வெளியேறு" முழக்கத்தோடு 2023இல் முகமது முய்சு அங்கே அதிபர் தேர்தலில் வென்றார். இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் வெளியேறினர், அவர்கள் இடத்தில் இந்தியத் தொழில்நுட்ப ஊழியர்கள் வந்தார்கள், இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர் அங்கேயே நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் டெல்லி வந்து 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் அளவுக்கு நாணயப் பரிமாற்ற ஏற்பாடு பெற்றுச் சென்றார். அந்த மாதங்களிலும் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலேக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் முய்சுவின் முழக்கம் அவர் வாக்காளர்களுடையது. டுட்டர்டேயின் திருப்பம் அவருடையது. இந்த வேறுபாடு பெரிது, ஆகவே ஒப்பீட்டை இத்தோடு விடுகிறேன்.

10 ஏப்ரல் 2025

கேள்வி கேட்ட நண்பர், அதிகாரிகளின் தயக்கம் உடைந்தது என்று எழுதியிருந்தார். உடையவில்லை; அது வேறு அறைக்குப் போய் வேலை செய்தது.

அதிபர் தீர்ப்பைக் காகிதம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவருடைய வெளியுறவு அமைச்சகம் சீனாவுக்கு நூற்றுக்கணக்கான எதிர்ப்புக் குறிப்புகளை அனுப்பியது. அமெரிக்காவோடு கடைசிப் பயிற்சி என்று 2016இல் சொல்லப்பட்ட பிறகும் பலிகாதான் கூட்டுப் பயிற்சி சற்றே சுருங்கி, பிறகு மீண்டும் விரிந்தது. 2017இல் தென்பகுதியில் உள்ள மராவி நகரைத் தீவிரவாதிகள் ஐந்து மாதம் பிடித்து வைத்திருந்தபோது மேலே பறந்து தகவல் தந்தது அமெரிக்காவின் ஓரியன் கண்காணிப்பு விமானம். நான் கேட்கவில்லை என்றார் அதிபர். அவர் பதவியின் கடைசி ஆண்டில், 2022 ஜனவரி 28 அன்று, இந்தியாவிடமிருந்து ஏறத்தாழ 37.5 கோடி டாலருக்குப் பிரமோஸ் ஏவுகணைகள் வாங்கக் கையெழுத்தாயிற்று. கரையிலிருந்து கப்பலைத் தாக்கும் ஏவுகணையை யாருடைய கப்பலை நினைத்து வாங்குவார்கள்? 2020 செப்டம்பரில் ஐநா பொதுச் சபையில், தீர்ப்பு இப்போது சர்வதேசச் சட்டத்தின் பகுதி, அதில் சமரசத்துக்கு இடமில்லை என்று பேசியதும் இதே டுட்டர்டேதான். அந்த உரையை யார் எழுதினாரோ, அவர் நான்காண்டுகள் காத்திருந்து எழுதியிருக்க வேண்டும்.

என் தொழிலிலிருந்து ஒரு சிறு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தை அவர் மேடையில் நடுவிரல் காட்டித் திட்டினார். 2017இல் அதன் நன்கொடைகளையும் மறுத்தார். பிலிப்பைன்ஸ் கடல்சார் பயிற்சியில் ஐரோப்பியத் தணிக்கையாளர்கள் 2006 முதல் குறை சொல்லி வந்தார்கள். சான்றிதழ் செல்லாது என்று ஆகியிருந்தால் ஐரோப்பியக் கொடி பறக்கும் கப்பல்களில் இருந்த ஏறத்தாழ 50,000 அதிகாரிகளின் வேலை போயிருக்கும். 2023 மார்ச்சில்தான் ஐரோப்பா அவற்றைத் தொடர்ந்து ஏற்பதாக அறிவித்தது. அதுவும் வெளியுறவுதான். யாரும் அதற்காகக் கைதட்டவில்லை. சிமுலேட்டர் வாங்குவதும் பாடத்திட்டத்தைத் திருத்துவதும் மேடைக்கு ஆகிற காரியங்கள் அல்ல.

11 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதை வைத்து, அப்படியானால் தலைவர் யாராக இருந்தாலும் ஒன்றுதானே என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நிலையான நலன்கள் திரும்பி வரும். இழந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. தீர்ப்பு வந்த புதிதில் அதைப் பிடித்துக்கொண்டு வியட்நாமையும் மலேசியாவையும் இந்தோனேசியாவையும் அருகில் நிறுத்தும் வாய்ப்பு மணிலாவுக்கு இருந்தது. 2017இல் ஆசியான் தலைமையும் அதன் கையில்தான் இருந்தது. அந்த ஆண்டின் தலைவர் அறிக்கையில் தீர்ப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. வழக்குப் போட்டு வென்றவனே பேசாதபோது, அண்டை வீட்டுக்காரன் எதற்குப் பேசுவான்? 2023இல் டுட்டர்டேக்குப் பின் அதிபரான இரண்டாம் மார்க்கோஸ் அமெரிக்கா பயன்படுத்தும் தளங்களை ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்த்தித் தீர்ப்பைக் கையில் எடுத்தபோது, எதிரே இருந்த சீனக் கடலோரக் காவல் படை 2016இல் இருந்ததைவிடப் பன்மடங்கு வலுத்திருந்தது.

15 ஏப்ரல் 2025

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் போதைப்பொருள் ஒழிப்பில் நடந்த கொலைகள் குறித்து அந்த நீதிமன்றம் முதற்கட்ட ஆய்வைத் தொடங்கியது. மார்ச்சில் அந்த நீதிமன்றத்திலிருந்து நாடு விலகுவதாக டுட்டர்டே அறிவித்தார். 2019 மார்ச் 17 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடாக இருந்த காலத்தில் நடந்தவற்றை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத் தொடர்ந்தது என்பதால் விலகல் அவரைக் காப்பாற்றவில்லை. நாட்டின் கையெழுத்தை ஒருவர் தம் சொந்தப் பாதுகாப்புக்காகத் திரும்பப் பெற்றார் என்பதைத் தவிர இதில் வெளியுறவுக் கொள்கை என்று எதையும் நான் காணவில்லை.

14 மே 2025

இரண்டு நாள் முன்பு, அதிபரின் பதவிக்கால நடுவில் நடந்த பொதுத்தேர்தலின் முடிவுகள் வந்துவிட்டன. ஹேக் சிறையில் இருந்தபடியே டுட்டர்டே டாவோ மேயராகப் பெருவாரியாக வென்றிருக்கிறார். விசா பறிபோன டெலா ரோசா செனட்டில் மூன்றாம் இடத்தில் வென்றிருக்கிறார். கேள்வி கேட்ட நண்பர், மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாம் இடத்தில் வந்தவரையும் பாருங்கள்: பாம் அக்கினோ, சீனாவை நடுவர் மன்றத்துக்கு இழுத்த அதே அக்கினோ குடும்பம். ஒரே சீட்டில் டெலா ரோசாவுக்கும் அவருக்கும் சேர்த்துக் குறியிட்டவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டில் அது வழக்கம். இதிலிருந்து சீனாவைப் பற்றியோ அமெரிக்காவைப் பற்றியோ ஒரு முடிவை எடுக்க என்னால் இயலவில்லை. போசனுக்கு வாழ்த்து அனுப்பினேன். மேயர் திரும்பி வருவார் என்று பதில் போட்டிருந்தார். ஸ்கார்பரோ என்னவாகும் என்று கேட்டதற்கு, அதற்கு இந்தியா கொடுத்த ஏவுகணை இருக்கிறதே என்றார்.